மீன் கல்யாணம் பாலிகஞ்ச் வந்த வழி

வங்காளத்துச் சுருள்படங்களில் சிறியவர் பெரியவர் எல்லோருக்கும் பிடித்த கதை மீன் கல்யாணம். மணப்பெண்ணும் மீன், மாப்பிள்ளையும் மீன். மேளம் கொட்டுவது, பல்லக்குத் தூக்குவது, சீர்வரிசை சுமப்பது எல்லாம் ஆற்றிலும் குளத்திலும் உள்ள மற்ற மீன்கள். கடைசியில், தன்னை அழைக்கவில்லை என்ற கோபத்தில் பெரிய வாளைமீன் ஒன்று வந்து கல்யாணக் கூட்டத்தையே விழுங்கிவிடும்.

இந்த மீன்கள் இன்று தென் கொல்கத்தாவில் பாலிகஞ்ச், கரியாஹாட் வட்டாரத்தில் சேலை முந்தானையில் இருக்கின்றன. பனியனில், துப்பட்டாவில், குடையில், அலுமினியக் கெட்டிலில்கூட இருக்கின்றன. லேக் மார்க்கெட் பக்கம் தலைமுறைகளாகக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கரியாஹாட் சேலைக் கடைகள் பழகிய இடம். அங்கே ஒரு படச் சேலையைக் கையில் எடுப்பவர், அந்தப் படம் எத்தனை கை மாறி வந்தது, வழியில் எதை இழந்தது, எதைச் சேர்த்துக்கொண்டது என்பதையெல்லாம் யோசிப்பதில்லை. அந்த வழியைச் சொல்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன். படம் ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு ஊரிலும் விற்கப்பட்ட பொருள் வேறு என்பது என் கட்சி.

முதல் ஊர் நயா. மேற்கு மேதினிபூர் மாவட்டம், பிங்ளா வட்டாரம். பட்டுவாக்கள் என்று அழைக்கப்படும் ஓவியர்கள் குடும்பம் குடும்பமாக வாழும் கிராமம். ஏறக்குறைய எல்லோருமே பெயருக்குப் பின்னால் சித்ரகார் என்று போட்டுக்கொள்கிறார்கள். பெரும்பாலோர் முஸ்லிம்கள். வீட்டில் தொழுகை நடக்கும். சுருளில் இராமனும் துர்க்கையும் மனசா தேவியும் சைதன்யரும் வருவார்கள். பலருக்கு முஸ்லிம் பெயர் ஒன்று, இந்துப் பெயர் ஒன்று என இரண்டு பெயர் உண்டு. யாரும் வந்து போதித்த ஒற்றுமை அல்ல இது, அவர்கள் பிழைப்பே தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் நடந்திருக்கிறது.

வண்ணங்கள் தோட்டத்திலிருந்து வருகின்றன. சங்குப்பூவிலிருந்து நீலம். அவரை இலையைக் கசக்கிப் பிழிந்தால் பச்சை. மஞ்சள் கிழங்கிலிருந்து மஞ்சள். இளம் தேக்கிலையில் செம்பழுப்பு. விளக்குப் புகைக்கரி கறுப்புக்கு, வெள்ளைக் களிமண் வெள்ளைக்கு. இவற்றைத் தாளில் பிடித்து நிறுத்துவது வில்வக்காயின் பசை. கொட்டாங்கச்சியில் குழைத்து, வெயிலில் வைத்து, பதம் பார்த்து எடுப்பார்கள். தாள்களை ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டி நீளமாக்கி, வரைந்து முடித்ததும் முதுகில் பழைய பருத்திச் சேலையை ஒட்டுவார்கள். அந்தச் சேலைத்துணிதான் சுருளைக் கிழியாமல் காப்பாற்றுகிறது. ஆக, துணி முதலிலிருந்தே இந்தப் படத்தோடு இருந்தது. முதுகில் இருந்தது, முகத்துக்கு வந்தது பிற்பாடு.

பழைய முறையில் ஓவியர் சுருளைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போவார். வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டமாகப் பிரித்து, விரலால் சுட்டிக்காட்டிப் பாடுவார். பாட்டு முடிந்ததும் அரிசி, காய்கறி, பழந்துணி, கொஞ்சம் சில்லறை கிடைக்கும். சுருளைச் சுற்றி எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். ஒரே சுருள் வருடக்கணக்கில் சோறு போடும். கவனியுங்கள்: அவர் படத்தை விற்கவில்லை. பாட்டை விற்றார். படம் பாட்டுக்குத் துணை. வாங்கினவர் வீட்டில் மிஞ்சியது ஒரு மத்தியான நேரத்தின் நினைவு மட்டும்.

சந்தால் மக்களிடையே இதற்கு இன்னொரு வடிவமும் இருந்தது. ஒரு வீட்டில் சாவு விழுந்தால், ஜாது பட்டுவா என்னும் ஓவியர் இறந்தவரின் உருவத்தைச் சிறு தாளில் வரைந்து எடுத்து வருவார். கண்ணில் கருவிழி இருக்காது. கண் தெரியாமல் மறுவுலகில் அலைகிறார் என்று சொல்லி, குடும்பத்தார் காணிக்கை தந்ததும் கருவிழியைத் தீட்டுவார். ஒரே ஒரு புள்ளி. கலைக்கு விலை எங்கே இருக்கிறது என்று பேசும் எவரும் இந்தப் புள்ளியை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது ஊர் காளிகாட். இன்றைய காளி கோயில் 1809-ல் எழுந்தது. யாத்திரிகர் கூட்டம் பெருகப் பெருக, மேதினிபூர் போன்ற மாவட்டங்களிலிருந்து ஓவியர்கள் கோயில் தெருக்களுக்குக் குடிவந்தார்கள். யாத்திரிகருக்கு உட்கார்ந்து பாட்டுக் கேட்க நேரம் இல்லை. ஊருக்கு எடுத்துப்போக ஒரு படம் வேண்டும். நீளச் சுருள் ஒற்றைத் தாளாகச் சுருங்கியது. ஆலைத் தாள், தண்ணீர் வண்ணம், சில காசு விலை. ஒருவர் கோடு இழுக்க, இன்னொருவர் வண்ணம் நிரப்ப, வீடே சேர்ந்து வேகமாகச் செய்தது. வேகம் கோட்டை மாற்றியது. தூரிகை ஒரே வீச்சில் தோளிலிருந்து இடுப்புக்கு வழுக்கி இறங்கும் அந்தக் காளிகாட் கோடு அவசரத்தில் பிறந்த அழகு. சாமி படங்களோடு நகரத்துப் பேச்சும் படமாயிற்று: வாசனை பூசிய பாபுமார்கள், 1873-ல் வங்காளத்தையே உலுக்கிய தாரகேஸ்வர் கோயில் மகந்து (மடத்தலைவர்) வழக்கு, நெற்றியில் நாமம் தரித்து வாயில் இறாலைக் கவ்விய பூனை.

இங்கே பாட்டு போயிற்று. படம் மட்டும் விற்றது. வரைந்தவர் பெயரும் கூடவே போயிற்று; விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரைத் தவிர, காளிகாட் ஓவியர் யார் எவர் என்று யாருக்கும் தெரியாது. 1878-ல் கல்கத்தா ஆர்ட் ஸ்டுடியோ கல்லச்சுப் படங்களை வெளியிடத் தொடங்கியது. 1894-ல் பம்பாயில் ரவி வர்மாவின் அச்சகம் வந்தது. ஜெர்மனியிலிருந்தும் வண்ணப் படங்கள் கப்பலில் வந்து இறங்கின. பளபளப்பாகவும் மலிவாகவும் இருந்த அச்சுப் படத்தோடு கையால் போட்டிபோட முடியவில்லை. 1930 வாக்கில் காளிகாட் படத் தொழில் மடிந்தது. பஞ்சாபில் ஓவிய ஆசிரியராக இருந்த லாக்வுட் கிப்ளிங் சேகரித்த படங்களை அவர் மகன் ருட்யார்ட் கிப்ளிங் 1917-ல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். இன்று அங்கே அறுநூறுக்கும் மேற்பட்ட காளிகாட் படங்கள் இருக்கின்றன.

இயந்திரம் கையைக் கொன்றது என்று இந்தக் கதையைச் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். எனக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது. பெயரில்லாத, பாட்டில்லாத, விலை மலிவு ஒன்றையே பெருமையாகக் கொண்ட படத்தை இயந்திரம் இன்னும் மலிவாகச் செய்துவிட்டது. நயாவின் சுருளை அச்சகத்தால் அப்படித் தோற்கடிக்க முடியவில்லை, ஏனென்றால் அச்சகத்துக்குப் பாடத் தெரியாது.

மூன்றாவது ஊர்தான் பாலிகஞ்ச். அங்கே ஒரு வீடு. ஜாமினி ராய் 1887-ல் பாங்குரா மாவட்டத்தின் பேலியாத்தோர் கிராமத்தில் பிறந்தார். பதினாறு வயதில் கல்கத்தா அரசு ஓவியப் பள்ளிக்கு வந்தார். எண்ணெய் வண்ணத்தில் மேல்நாட்டு முறையில் உருவப் படங்கள் வரைந்து பிழைத்தார். கை தேர்ந்தவர், நல்ல வரும்படி வரக்கூடிய வேலை. 1920-களில் அதை விட்டுவிட்டார். முதலில் காளிகாட்டின் கோட்டை எடுத்தார். பிறகு அதுவும் நகரத்துச் சரக்கு என்று தோன்ற, சொந்த ஊர்ச் சுருள்படங்கள், விஷ்ணுபூர் கோயில்களின் சுடுமண் சிற்பங்கள், குழந்தைகளின் மரப்பொம்மைகள் என்று திரும்பிப் போனார். கடையில் வாங்கும் கேன்வாஸையும் எண்ணெய்க் குழாயையும் ஒதுக்கினார். துணி, பாய், பலகை ஆகியவற்றின்மேல் சுண்ணம் பூசி வரைந்தார். மண், கல்பொடி, அவுரி, புகைக்கரி. ஒட்டுவதற்குப் புளியங்கொட்டைப் பசை. ஒரு சில வண்ணங்களுக்குள்ளேயே வாழ்நாளை நடத்தினார்.

அவர் விற்ற முறைதான் நான் நின்று பேச விரும்பும் இடம். வடக்குக் கல்கத்தாவின் பாக்பஜார் வீட்டில் இருந்தபோது, வாங்குகிறவர்கள் வீட்டுக்கே வந்தார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கல்கத்தாவில் முகாமிட்ட ஆங்கிலேய, அமெரிக்கப் படையாட்கள் அந்த வீட்டைக் கண்டுபிடித்து வந்து படம் வாங்கிப் போனார்கள். 1949-ல் பாலிகஞ்ச் ப்ளேஸ் ஈஸ்டில் தானே கட்டிய வீட்டுக்குக் குடிபோனார். அந்த வீட்டிலேயே பட்டறை, அங்கேயே காட்சிக்கூடம், அங்கேயே விற்பனை. நடுவில் தரகர் இல்லை. ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப வரைந்தார். மகனும் உறவினரும் கூட உட்கார்ந்து வரைந்தார்கள், பட்டுவா வீட்டில் நடப்பதுபோலவே. விலை சில நூறு ரூபாயைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டார் என்பார்கள். பள்ளி ஆசிரியரும் குமாஸ்தாவும் வாங்கிச் சுவரில் மாட்ட வேண்டும் என்பது அவர் எண்ணம். வாங்கினவர் படத்தை மதிக்காமல் போட்டு வைத்திருக்கிறார் என்று தெரிந்தால் பணத்தைத் திருப்பிக் கொடுத்து வாங்கிக்கொள்வார் என்ற கதையும் உண்டு.

விமரிசகர்கள் இதைத் தொழிற்சாலை என்றார்கள். ஒரே படம் இருபது இருந்தால் எது அசல் என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியே அந்த வீட்டுக்குப் பொருந்தாதது. அங்கே கையால் வரைந்தது ஒவ்வொன்றும் அசல். படம் ஒரே ஒருவர் பூட்டி வைக்கும் செல்வமாக இருக்க வேண்டும் என்ற ஐரோப்பிய வழக்கத்தை அவர் ஏற்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. அந்த வீட்டில் விற்றது படம் மட்டுமல்ல, வங்க எழுத்தில் கீழே போட்ட கையெழுத்தும் சேர்ந்தது. அவர் யாரிடமிருந்து கற்றாரோ அந்தக் கிராமத்து ஓவியர்களுக்குப் பெயர் வரவில்லை. அவருக்கு வந்தது. அது அவர் குற்றம் அல்ல. நம் பழக்கம் அது.

அவர் 1972-ல் காலமானார். அதே ஆண்டில் வந்த தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டத்தின்படி, 1976-ல் அவர் படைப்புகள் நாட்டின் கலைச்செல்வங்களாக அறிவிக்கப்பட்டன. அதற்குப் பிறகு அவற்றை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. ஆனால் படையாட்கள் பையில் சுருட்டிக்கொண்டு போனவை அதற்கு முன்பே போய்விட்டன. லண்டனிலும் நியூயார்க்கிலும் இன்று ஏலத்துக்கு வருபவை அவைபோல முன்பே கடல் கடந்தவைதான். குமாஸ்தா வீட்டுச் சுவருக்கென்று வரைந்த படத்தை இனிக் குமாஸ்தா வாங்க முடியாது. 2023-ல் டிஏஜி என்ற கலை நிறுவனம் பாலிகஞ்ச் வீட்டை வாங்கி, ஜாமினி ராய் அருங்காட்சியகமாக மாற்றப்போவதாக அறிவித்தது. நல்ல செய்தி. அந்த அருங்காட்சியகத்தில் ஓர் அறையாவது இன்று வாழும் சித்ரகார்களின் விற்பனைக்கு ஒதுக்கப்படுமானால், வீடு தன் பழைய வேலையைத் திரும்பச் செய்யும்.

பாலிகஞ்சில் குருசதய் சாலை என்று ஒன்று இருக்கிறது. ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்த குருசதய் தத் பெயர் அது. மாவட்டம் மாவட்டமாக வேலை பார்த்தபோது சுருள்படங்களையும் காந்தா தையல் துணிகளையும் தேடித் தேடிச் சேர்த்தவர். தெற்கே ஜோகாவில் உள்ள குருசதய் அருங்காட்சியகத்தில் அவை இருக்கின்றன. காந்தாவும் படத்துணிதான் என்பதை நினைவில் வைக்க வேண்டும்: பழைய சேலைகளை அடுக்கி, அதே சேலைக் கரையிலிருந்து உருவிய நூலால், பெண்கள் மீனும் யானையும் ரயிலும் தைத்தார்கள். விற்பதற்காக அல்ல, மகளுக்கும் பேரப்பிள்ளைக்கும்.

படம் பிறகு நம் பக்கம் வந்தது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி தமிழகக் கரையை அடித்தபோது, வங்காளத்து ஓவியர்கள் அதைச் சுருளாக வரைந்து ஊர் ஊராகப் பாடினார்கள். நாகப்பட்டினத்தின் அழுகை மேதினிபூரின் பாட்டாயிற்று. ஜோய்தேவ் சித்ரகாரும் மொய்னா சித்ரகாரும் வரைந்த அந்தச் சுருளைச் சென்னையின் தாரா பதிப்பகம் 2009-ல் புத்தகமாக்கியது. புத்தகம் என்றால் தைத்த புத்தகம் அல்ல. பிரித்தால் சுருள்போல நீண்டு விரியும். கையால் செய்த தாளில், கையால் திரை அச்சில் அடித்தது.

திரை அச்சு என்றால் என்ன என்று ஒரு வார்த்தை. ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனிச் சட்டம். மெல்லிய வலை கட்டிய சட்டத்தில் அந்த வண்ணம் இறங்க வேண்டிய இடத்தைத் திறந்து, மற்ற இடத்தை அடைத்துவிடுவார்கள். மையை ஊற்றி ரப்பர் பட்டையால் ஒரே இழுப்பாக இழுத்தால் கீழேயுள்ள தாளில் வண்ணம் படியும். காய வேண்டும். பிறகு அடுத்த சட்டம். நாலு வண்ணம் என்றால் ஒரே தாளுக்கு நாலு தடவை. ஒரு மயிரிழை விலகினால் கோடு ஓரிடம், வண்ணம் ஓரிடம் என்று நிற்கும். அந்தத் தாள் கழிவு. கலியாணப் பத்திரிகை அடிக்கும் இந்தத் தொழிலைத் தாராவின் சென்னைப் பட்டறை ஓவியத்துக்குத் தகுந்ததாக உயர்த்தியது. அட்டையில் ஓவியர் பெயர் இருக்கும். 2010-ல் மனு சித்ரகார் மார்ட்டின் லூதர் கிங் வாழ்க்கைக்குப் படம் வரைந்தார். 2011-ல் மொய்னா சித்ரகாரின் படங்களோடு சீதையின் பார்வையில் சொன்ன இராமாயணம் வந்து, நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியல்வரை போனது. காளிகாட்டை அழித்ததும் அச்சுதான், மொய்னாவுக்குப் பெயர் வாங்கித் தந்ததும் அச்சுதான். வேறுபாடு அட்டையில் இருந்த அந்தப் பெயரில் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

துணியை நம்பி ஓவியம் பிழைத்த கதை தமிழ்நாட்டுக்கும் உண்டு. கே.சி.எஸ். பணிக்கரும் சென்னை ஓவியக் கல்லூரி இளைஞர்களும் 1960-களில் பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில்தான் ஈஞ்சம்பாக்கத்தில் மணல்மேட்டை வாங்கி, 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை எழுப்பினார்கள். பகலில் விற்பதற்குத் துணி, மிச்ச நேரத்தில் தமக்கென்று ஓவியம். துணியில் வரைவது ஓவியனுக்கு இழுக்கு என்று நினைக்கும் மாணவர்களுக்குச் சோழமண்டலத்தைக் காட்டினால் போதும்.

இனி, மீன்கள் சேலையில் ஏறிய இடத்துக்கு வருவோம். நயாவில் முன்பு ஆண்களே சுருளோடு வெளியே போவார்கள். கடந்த சில பத்தாண்டுகளில் பெண்கள் தூரிகையையும் பாட்டையும் கையில் எடுத்தார்கள். இன்று ஊருக்குப் பெயர் வாங்கித் தருபவர்களில் அவர்களே முன்னால் நிற்கிறார்கள். 2010 முதல் நவம்பர் வாக்கில் பட் மாயா என்ற திருவிழா நடக்கிறது. வீட்டுச் சுவரெல்லாம் படம், திண்ணையெல்லாம் விற்பனை. 2018-ல் வங்காளப் படச்சித்திரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சுருள் வாங்குகிறவர்கள் குறைவு. பனியனும் முந்தானையும் கேட்கிறவர்கள் அதிகம். ஆனால் சங்குப்பூ நீலமும் வில்வப் பசையும் துணியில் நிற்காது, ஒரே துவைப்பில் ஓடிவிடும். அதனால் துணிக்குக் கடையில் வாங்கும் துணிவண்ணம். வரைந்து காயவைத்து, உட்புறமாகத் திருப்பி இஸ்திரி போட்டால்தான் வண்ணம் பிடிக்கும். தோட்டத்து வண்ணம் போய்விட்டதே என்று வருந்துகிறவர்கள் உண்டு. நான் வருந்தவில்லை. சோறு போடுவது துணி என்றால் துணிக்கேற்ற வண்ணம்தான் நியாயம்.

என் வருத்தம் வேறு. கையால் வரைந்த ஒரு முந்தானையைப் படம் பிடித்து, கணினி அச்சில் பாலியஸ்டர் துணியில் ஆயிரக்கணக்கில் அடிப்பது இன்று சில மணி நேர வேலை. காளிகாட்டுக்கு நடந்தது மறுபடி நடக்கிறது. புவிசார் குறியீடு பெயரைக் காக்கும், மீனின் வடிவத்தைக் காக்காது. காப்புரிமைச் சட்டத்திலும் ஒரு பள்ளம் இருக்கிறது. துணிக்கென்று உருவாக்கிய வடிவமைப்பை 2000-ம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டத்தில் பதிவு செய்யாமல், உரியவரோ அவர் அனுமதி பெற்றவரோ தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் நகலெடுத்தால், அதன் காப்புரிமை போய்விடும். தனியாக நின்று படத்துணி விற்கும் ஓவியர்கள், நயாவில் இருந்தாலும் பாலிகஞ்ச் அடுக்குமாடியில் இருந்தாலும் மதுரையில் இருந்தாலும், இந்த ஐம்பது என்ற எண்ணை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். நன்றாக விற்கும் என்று தோன்றும் வடிவத்தைத் துணியில் ஏற்றி வெளியே காட்டுவதற்கு முன்பே பதிவு செய்துவிட வேண்டும்.

2020-ல் ஊரடங்கு வந்து சந்தையும் திருவிழாவும் நின்றபோது, நயாவின் ஸ்வர்ணா சித்ரகார் கொரோனா பற்றிச் சுருள் வரைந்து பாடினார். பாட்டு கைப்பேசி வழியாக ஊரெல்லாம் பரவியது. காளிகாட்டில் தொலைந்த பாட்டு அப்படித் திரும்பி வந்தது. இப்போது வாங்குகிறவர்கள் வரைந்தவரின் முகத்தைப் பார்த்து, குரலையும் கேட்டுவிட்டே வாங்க முடிகிறது. தனி ஓவியருக்கு இதைவிடப் பெரிய மூலதனம் இல்லை.

பாலிகஞ்சுக்குப் போகிறவர்கள், போகாமல் இருந்த இடத்திலிருந்தே வரவழைக்கிறவர்கள், எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். படத்துணியைக் கையில் எடுத்ததும் திருப்பிப் பாருங்கள். தூரிகை போன இடத்தில் வண்ணம் ஓரளவு மறுபக்கம் ஊறியிருக்கும்; கணினி அச்சு என்றால் மறுபக்கம் பெரும்பாலும் வெளுத்துக் கிடக்கும். ஒரே மாதிரி இருக்கும் இரண்டு மீன்களை அருகருகே வைத்துப் பாருங்கள். கையால் வரைந்தவை அச்சாக ஒத்துப்போகா. பிறகு கடைக்காரரிடம், வரைந்தவர் யார் என்று பெயர் கேளுங்கள். பெயர் சொல்லத் தெரியாத கடையில் விலை பேசாதீர்கள். பெயர் சொன்னால் பேரம் பேசாதீர்கள். முடிந்தால் நவம்பரில் ஹவுராவிலிருந்து ரயிலேறிப் பாலிசக்கில் இறங்கி நயாவுக்கே போய், மீன் கல்யாணத்தைப் பாடச் சொல்லிக் கேட்டுவிட்டு, பாட்டுக்கும் சேர்த்துப் பணம் கொடுத்து வாங்குங்கள்.